சாவி கொடுக்காதவர்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஒருவருடைய பெயரை அவரைக் கேட்காமல் வெளியே சொல்வது அவரைப் பொறுத்தவரை பெரிய குற்றம். நான்கு வருடம், மாதத்துக்கு இரண்டு தடவையாவது, அவர் முன்னால் போய் நின்று சாவி வாங்கியிருக்கிறேன். ஆனாலும் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த சொந்த விவரங்களை ஒரு தபால் கார்டில் அடக்கிவிடலாம். அதிலும் பாதி, மாடியில் அறைகளைச் சுத்தம் செய்யும் அக்கா சொல்லித்தான் தெரியும். ஊர் கல்லாவிப் பக்கம். அங்கே கொஞ்சம் நிலம், அதைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். இவருக்கு ஹோட்டலே வீடு. அவ்வளவுதான்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கம்பெனி வேலையாக வருகிறவர்களுக்கென்றே இருக்கும் மூன்று மாடி ஹோட்டல் அது. குடும்பத்தோடு வருகிறவர்களை அங்கே அதிகம் பார்க்க முடியாது. காலையில் வாசலில் வரிசையாகக் கார் நிற்கும். கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டவர்கள் இட்லியை அவசரமாக விழுங்கிவிட்டு சிப்காட் பக்கம் ஓடுவார்கள். சாயங்காலம் திட்டு வாங்கிய முகத்தோடு திரும்பி வருவார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. கோயம்புத்தூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. இரு சக்கர வண்டியில் பிரேக்கைத் தாங்கிப் பிடிக்கிற இரும்பு பிராக்கெட்டுகளை வார்த்து, ஓசூரில் இருக்கும் ஒரு பெரிய வண்டிக் கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். அங்கே ஒரு துண்டில் குறை என்றாலும் நான் பஸ் ஏறியாக வேண்டும்.

குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் அங்கே எது சரியில்லையோ அதுதான் முதலில் கண்ணில் படும். அந்த ஹோட்டலில் எனக்குச் சரியில்லாமல் பட்டது வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நின்ற அந்த மனிதர். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் உட்படப் போட்டிருப்பார். சிரிக்க மாட்டார். முறைக்கவும் மாட்டார். இரண்டு கையையும் மேஜைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு நாம் பேசி முடிக்கிறவரை கேட்பார்.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ போனபோது, எங்கள் கம்பெனியிலிருந்து இன்னும் இரண்டு பேர் கூட வந்திருந்தார்கள். வழியெல்லாம் நான் அவர்களிடம், “அந்த ஹோட்டல்ல என்னை நல்லாத் தெரியும், நல்ல ரூமா வாங்கித் தர்றேன்” என்று அளந்துகொண்டு வந்தேன். மேஜைக்கு முன்னால் போய் நின்றதும் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“முதல் தடவையா வர்றீங்களா மேடம்?”

கூட வந்தவர்கள் சிரித்த சிரிப்பு கிருஷ்ணகிரி வரை கேட்டிருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆதார் அட்டையை மேஜைமேல் விசிறிப் போட்டேன். அவர் நிதானமாக எடுத்து நகல் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அறைக்குப் போய்ப் பார்த்தால் லிஃப்டை விட்டுத் தள்ளியிருந்த மூலை அறை. கட்டிலில் இன்னொரு போர்வை மடித்து வைத்திருந்தது. லிஃப்ட் சத்தத்தில் தூக்கம் வருவதில்லை என்று மூன்றாவது தடவை வந்தபோது எப்போதோ சொல்லியிருந்தேன். குளிருகிறது என்று நான் சொன்னதேயில்லை. இருந்தாலும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆளை ஞாபகம் இல்லாமல் இல்லை, நாலு பேர் முன்னால் ஞாபகத்தைக் காட்டிக்கொள்வதில்லை என்று அப்புறம்தான் விளங்கியது. நான் அடிக்கடி இங்கே வருகிறவள் என்பதைக் கூட வந்தவர்களிடம் சொல்ல வேண்டியது நான்தானே தவிர அவர் இல்லையாம்.

அறை எண்ணை வாயால் சொல்ல மாட்டார். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, எழுத்து நம் பக்கம் இருக்கிற மாதிரித் திருப்பி, மேஜைமேல் நகர்த்துவார். நாம் பார்த்ததும் எடுத்துக் கிழித்துவிடுவார். தனியாக ஊர் ஊராகப் போய்த் தங்குகிற பெண்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பல ஊர் ஹோட்டல்களில், “மேடம், உங்களுக்கு இருநூத்தி எட்டு” என்று வாசலில் நிற்கிற டிரைவர்வரை கேட்கும்படி கூவுவார்கள். நான் அந்த எட்டை மனதில் வைத்துக்கொண்டு விடிய விடியக் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஆள் பிடிக்காவிட்டாலும் ஹோட்டலைப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

கார் டிரைவர்களிடம் கன்னடம் பேசுவார். முதலாளியிடம் தெலுங்கு. என்னைப் போன்றவர்களிடம் தமிழ். மூன்று பாஷையிலும் அவர் அதிகம் சொன்ன வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: “அப்புடிச் சொல்ற வழக்கமில்லைங்க.” யார் எந்த அறை, யார் எப்போது வந்தார், யார் யாரோடு பேசினார், எதைக் கேட்டாலும் அதுதான் பதில்.

அதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரே ரப்பர் சாமானை ஒரே கம்பெனிக்குப் போட்டி போட்டு விற்கிற இரண்டு பேர், ஒருவர் சென்னை, ஒருவர் புனேயில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர், மாதாமாதம் இதே ஹோட்டலுக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் இங்கே தங்குவது இன்னொருவருக்குத் தெரியாது. இவர் ஒருவரை முதல் மாடியிலும் இன்னொருவரை மூன்றாம் மாடியிலும் போட்டுவிடுவார். ஒருவரிடம், “ஏழு மணிக்கு வந்தீங்கன்னா தோசை சூடா இருக்கும் சார்” என்பார். இன்னொருவரிடம், “எட்டரைக்கு மேலதான் பொங்கல் நல்லா இருக்கும் சார்” என்பார். ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது. ஒருநாள் கரண்ட் போய் லிஃப்ட் நின்று, இரண்டு பேரும் படியில் மோதிக்கொண்டார்கள். விஷயம் தெரிந்ததும் இருவரும் சேர்ந்தே மேஜைக்கு வந்து, “என்னங்க, இவர் இங்கேதான் தங்கறார்னு ஒரு வார்த்தை சொல்லலையே” என்று கேட்டார்கள். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சாருங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கீங்களா?” என்றார்.

ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் எல்லாத் தடவையும் சிரிக்கும்படி முடியவில்லை.

மதுரைப் பக்கத்திலிருந்து வருகிற ஒருவர் அடிக்கடி என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார். நல்ல மனிதர். ஒருநாள் பகலில் அவருடைய மனைவி ஹோட்டலுக்குப் போன் செய்திருக்கிறார். வண்டிக் கம்பெனிகளில் நம் கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் வெளியே வரும்போதுதான் திருப்பித் தருவார்கள். அதனால் அந்த அம்மாவால் கணவரைப் பிடிக்க முடியவில்லை. மாமனாருக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, அவர் எந்தக் கம்பெனிக்குப் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள் என்று அழுதிருக்கிறார். இவர் சொல்லவில்லை. “அப்புடிச் சொல்ற வழக்கமில்லைங்கம்மா. நம்பர் குடுங்க. அந்தப் பேர்ல யாராச்சும் இருந்தா வந்த உடனே கூப்பிடச் சொல்றேன்.” அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு அந்த மனிதர் வந்தார். அப்பா நாலு மணிக்கே போய்விட்டிருந்தார். நான் அப்போது சாவிக்காக நின்றிருந்தேன். அவர் மேஜையைக் கையால் அடித்துக்கொண்டு, “கம்பெனி பேரைச் சொல்லியிருந்தா அவ வாசல் கேட்டுக்குப் போன் போட்டிருப்பா, நான் ஒரு மணிக்கே கிளம்பியிருப்பேன், எங்கப்பா குரலையாவது கேட்டிருப்பேன்யா” என்று கத்தினார். இவர் கையை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தபடி முழுவதையும் கேட்டார். அவர் கத்தி ஓய்ந்ததும், “வண்டி வாசல்ல நிக்கிது சார். சேலம் வரைக்கும் போகும்” என்றார். முன்கூட்டியே வரச் சொல்லி வைத்திருக்கிறார். அதைச் செய்யத் தெரிந்தவருக்கு ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. இந்த ஆளுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன். அடுத்த தடவை வேறு ஹோட்டல் பார்க்க வேண்டும் என்றும் நினைத்தேன். பார்க்கவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். மூன்றாவது வருடம். வண்டிக் கம்பெனியில் எங்கள் பிராக்கெட் ஒன்றில் விரிசல் தெரிந்துவிட்டது. அந்தச் சரக்கு முழுவதையும் ஒதுக்கி வைத்து, நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் கொடுக்கும்படி என்னைக் கூப்பிட்டார்கள். முதல் நாள் மத்தியானம்வரை ஒவ்வொரு துண்டாகக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டில் ஆணித் துளையின் உள்விளிம்பில் துளி சிவப்பு தெரிந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதிலும் இருந்தது.

அது நான் வைத்த சிவப்பு. கோயம்புத்தூரில் நான் வேண்டாம் என்று ஒதுக்குகிற துண்டில் அந்தத் துளையின் வாயை ஒட்டித்தான் சிவப்புப் பெயின்ட் பொட்டு வைப்பேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்தச் சரக்கு முழுவதையும் நான் நிராகரித்திருந்தேன். அப்புறம் நாலு நாள் லீவில் போனேன். அந்த நாலு நாளில் யாரோ பெயின்டைச் சுரண்டிவிட்டு, ‘சரி’ என்று என் பெயரிலேயே கையெழுத்துப் போட்ட தாளோடு லாரியில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். மேல்பக்கம் சுரண்டியவர்கள் துளைக்குள் வழிந்திருந்ததைப் பார்க்கவில்லை. பிரேக் துண்டு அது. ஓடுகிற வண்டியில் உடைந்தால் ஒரு உயிர் போகும். போனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது தாளில் இருக்கிற பெயர், அதாவது நான்.

சிவப்பு நன்றாகத் தெரிந்த ஆறு துண்டுகளைக் கேட் பாஸ் எழுதி வாங்கி ஹோட்டல் அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். வண்டிக் கம்பெனியின் தரப் பிரிவுத் தலைவர் வெளியூர் போயிருந்தார், மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத்தான் வருவார். அவருக்குக் கீழே இருந்தவர்கள், “சார் வரட்டும்” என்று நழுவிவிட்டார்கள். அதுவரை அந்த ஆறு துண்டும்தான் எனக்கு இருந்த ஒரே சாட்சி. வாயை மூடிக்கொண்டு இரண்டு நாள் இருந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் தொழிலில் எது நடந்தாலும் முதலில் மேலே சொல்லித்தான் பழக்கம். பாழாய்ப்போன அந்தப் பழக்கத்தில் மறுநாள் காலை எங்கள் பிளான்ட் மேனேஜருக்கே போன் செய்து, “சார், இது நான் ரிஜெக்ட் பண்ணின லாட்டுங்க. சிவப்பு அப்படியே இருக்குங்க. ஆறு பீஸ் எடுத்து ரூம்ல வெச்சிருக்கறேன்” என்று சொன்னேன்.

“அது வேற சிவப்பும்மா. நீ யார்கிட்டயும் பேசிக்காதே. ரூம்லயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்” என்றார். போனை வைத்த பிறகுதான் நான் செய்த முட்டாள்தனம் உறைத்தது. அதற்குள் கம்பெனி பஸ் வந்துவிட்டது. கைபேசியை வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். நாள் முழுக்க எத்தனை துண்டு பார்த்தேன், என்ன பார்த்தேன் என்று தெரியாது.

சாயங்காலம் ஹோட்டலுக்குள் நுழைந்ததும் மேஜைக்குப் போனேன். அவர் சாவியை நீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

“உங்களப் பாக்க ஒருத்தர் உக்காந்திருக்கறாங்க மேடம். பாக்கறீங்களா, இல்ல நேரா ரூமுக்குப் போறீங்களா?”

திரும்பிப் பார்ப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்துவிட்டது. “ஏம்மா, வா வா. எத்தனை நேரம் உக்காந்திருக்கறது.”

எங்கள் மேனேஜர். கோயம்புத்தூரிலிருந்து தானே காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். சட்டை முதுகெல்லாம் கசங்கியிருந்தது. முகத்தில் மட்டும் சிரிப்பு.

“அந்த ஆறு பீஸையும் குடுத்துரு. லேப்ல குடுத்துச் சோதிச்சிரலாம்.”

“நாளைக்குப் பத்து மணிக்கு இங்கே காட்டிட்டுத் தர்றேனுங்க சார்.”

“காட்டறதுக்கு நீ யாரும்மா? அது கம்பெனி சாமான்.” சிரிப்பு போய்விட்டது. என்னை விட்டுவிட்டு மேஜைக்குத் திரும்பினார். “இங்க பாருங்க, மத்தியானத்திலிருந்து சொல்லிட்டிருக்கறேன். இது எங்க கம்பெனி புக் பண்ணின ரூம். நான்தான் மேனேஜர். எனக்கொரு சாவி குடுங்க.”

மத்தியானத்திலிருந்து கேட்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மேஜைக்குப் பின்னால் நின்றவர் என்னிடம் அதைச் சொல்லவில்லை. இப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

“ரூம் கம்பெனி பேர்லதான் சார் இருக்கு. தங்கறது மேடம். யார் கையெழுத்துப் போட்டுத் தங்கறாங்களோ அவங்ககிட்டத்தான் சாவி இருக்கும்.”

“அப்போ கேன்சல் பண்ணுங்க.”

“பண்ணிரலாம் சார். நாளைக்குப் பகல் பன்னெண்டு மணிக்கு.”

“இப்பவே பண்ணுங்கங்கறேன்.”

“இன்னைக்கு நாள் ஓடிட்டிருக்குங்க சார். நடுவுல நிறுத்தற வழக்கமில்லை. பன்னெண்டு மணி வரைக்கும் ரூம் மேடமோடது.”

“மாசாமாசம் எத்தனை பேரை இங்க அனுப்பறோம்னு தெரியுமா? நாளையிலிருந்து ஒருத்தர் வரமாட்டாங்க. உங்க முதலாளிகிட்டப் பேசறேன் இருங்க.” அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டுப் பேசினார். கொஞ்ச நேரத்தில் மேஜைமேல் இருந்த போன் அடித்தது. அவர் எடுத்துத் தெலுங்கில், சரி ஐயா, சரி ஐயா என்று நாலைந்து தடவை சொன்னார். அந்த நிமிஷம் என் வேலை, பெயர், எல்லாமே அந்த ஒல்லி மனிதரின் வாயில் இருந்தது. அவர் போனை வைத்தார்.

“நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு ரூமைக் காலி பண்ணி வாங்கச் சொல்லிட்டாங்க சார்.”

முதலாளி அதைத்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேனேஜரும் கேட்கவில்லை. நான் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி ஓடினேன். தாழ்ப்பாள் போட்டு, நாற்காலியையும் முட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு மேனேஜர் எங்கே தங்கினார் என்று தெரியாது. என் அறைக்கு நேர் மேலேயே தங்கியிருந்தாலும் இவர் எனக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு ஆறு துண்டையும் தரப் பிரிவுத் தலைவரின் மேஜைமேல் வைத்தேன். அவர் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அரை மணி நேரத்தில் சரக்கு முழுவதும் திருப்பி அனுப்ப உத்தரவாகிவிட்டது. ஒரு துண்டுகூட வண்டியில் ஏறவில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான். பன்னிரண்டு மணிக்குள் ஓடிவந்து அறையைக் காலி செய்துவிட்டு, அவரிடம், “ரொம்ப நன்றிங்க” என்றேன். கண் கலங்கிவிட்டது.

“எதுக்குங்க மேடம்?” என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. மாடி அக்காதான் வாசல்படியில் என்னை நிறுத்தி, “அந்த ஆளு மூணு தடவை சாவி கேட்டாரும்மா. எங்கிட்டயும் வந்து, கதவத் தொறந்து விடுன்னாரு. இவரு வந்து, நீ கீழ போன்னு என்னைய அனுப்பிட்டு, நீங்க வர்ற வரைக்கும் கீழுக்கும் உங்க மாடிக்கும் நடந்துக்கிட்டே இருந்தாரு” என்று சொன்னாள். பஸ்ஸில் சேலம் தாண்டும்வரை அழுதுகொண்டே போனேன். மதுரைக்காரர் விஷயத்தில் அவரைப் பற்றி நினைத்ததையெல்லாம் மனதுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? சரக்கை ‘சரி’ என்று அனுப்பியது நானே. விரிசல் வெளியே தெரிந்ததும் தப்பித்துக்கொள்வதற்காக ஓசூரில் வைத்து நானே ஆறு துண்டில் சிவப்பு பூசியிருக்கிறேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த நாளில் அவர் ஓசூர் பக்கமே வரவில்லை. நான் போனில் சொன்னது ஏதோ விரிசல் என்று மட்டும்தானாம். விசாரித்தவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “அவர் அந்த பீஸை வாங்க ஓசூருக்கு வந்தார்னு யாராவது சொல்லுவாங்களாம்மா? அவ்வளவு தூரம் வந்திருந்தார்னா அவருக்கு விஷயம் தெரியும்னு அர்த்தம்.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்ல ஆள் இருக்கிறதே. அடுத்த நாளே பஸ் ஏறினேன். ஹோட்டலில் கேமரா பதிவு பதினைந்து நாளுக்கு மேல் இருக்காது, அழிந்துவிட்டது என்றார்கள். மாடி அக்கா, “எனக்கு வேலை போயிரும்மா” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. மேஜைக்குப் போனேன். பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன்.

“ரெண்டே வரி எழுதிக் குடுங்க. அவர் வந்தார், சாவி கேட்டார். அவ்வளவுதான்.”

அவர் கையை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்புடிச் சொல்ற வழக்கமில்லைங்க மேடம்.”

“இது உங்க கண்ணு முன்னாலே நடந்ததுங்க. நானும் அங்கதான் நின்னேன்.”

“உங்களுக்குத் தெரிஞ்சத நீங்க சொல்லலாம் மேடம். உங்க கையெழுத்து, நீங்க வந்தது போனது, அது வேணும்னா இப்பவே நகல் போட்டுத் தர்றேன். இன்னொருத்தர் வந்ததச் சொல்ல எனக்கு உரிமையில்லை. போலீஸோ கோர்ட்டோ எழுதிக் கேட்டா ஓனர் புத்தகத்தக் குடுப்பாங்க.”

போலீஸுக்குப் போகிற தைரியம் எனக்கு இல்லை. வீட்டிலும் விடவில்லை. அது அவருக்கும் புரிந்திருக்கும். 

“அவர் இங்க தங்கினாரா இல்லையான்னுகூட நான் கேக்கலை. லாபில உக்காந்திருந்தார். அதைச் சொல்லக் கூடாதா?”

“லாபில உக்காந்தவங்களும் நம்ம வாசல்படி ஏறி வந்தவங்கதானுங்க.”

“அன்னைக்கு எனக்காகத்தானே சாவி குடுக்காம நின்னீங்க? மேலயும் கீழயும் நடந்தீங்களாமே. இப்போ என்ன வந்தது?”

அவர் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். “உங்களுக்காக இல்லைங்க மேடம். அது அவர் ரூமா இருந்து, நீங்க வந்து சாவி கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்.”

அதற்கப்புறம் நான் பேசியதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. மதுரைக்காரரின் அப்பாவையும் இழுத்தேன். நீ மனுஷனே இல்லை என்றேன். பெற்ற பெண் இருந்தால் இப்படி நிற்பாயா என்றேன். ஐம்பது வயது மனிதரை ஒருமையில் பேசினேன். அவர் அசையவில்லை. நான் நிறுத்தியதும், “பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா ஆட்டோ சொல்லட்டுங்களா?” என்றார்.

விசாரணையில் என் பக்கம் சொல்ல ஆள் இல்லை. என்னை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். போனேன். மேனேஜர் அதே நாற்காலியில் இருந்தார். ‘சரக்கைத் தவறாக அனுப்பியவள்’ என்ற பெயரோடு எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த எட்டு மாதமும் நான் அதிகம் திட்டியது மேனேஜரை அல்ல. அவர் அயோக்கியர், அதைத்தான் செய்வார். இரண்டு வரி எழுதியிருந்தால் என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு நல்ல மனிதர் எழுதாமல் விட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் வேறு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அவர்களும் ஓசூருக்குத்தான் சரக்கு அனுப்புகிறவர்கள். அந்த ஹோட்டல் பக்கமே போகக் கூடாது என்று ஜூஜுவாடிப் பக்கம் நெடுஞ்சாலையில் புதிதாகக் கட்டிய ஒன்றில் அறை போட்டேன். பளபளவென்று இருந்தது. சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. முன்பின் தெரியாத ஒரு ஆள். ஏதோ கம்பெனியில் விற்பனை பார்ப்பவராம். “கீழே கேட்டேன், மேடம் இந்த ரூம்லதான்னு சொன்னாங்க. சும்மா அறிமுகம் பண்ணிக்கலாம்னு வந்தேன்” என்று சிரித்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தவள் விடிகிறவரை உட்கார்ந்தே இருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழைய ஹோட்டலுக்கே போனேன். என்மேல் எனக்கே எரிச்சல். அவர் நின்றிருந்தார். நான் அவரை வாய்க்கு வந்தபடி பேசிய பிறகு பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆதார் அட்டையை வாங்கினார், நகல் போட்டார், சீட்டை எழுதி நகர்த்தினார். மூலை அறை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் அதற்குள் அடுத்தவரிடம் திரும்பிவிட்டார்.

காலையில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். தோசைக் கல்லுக்கு முன்னால் தட்டோடு நின்றுகொண்டிருந்தவர் திரும்பினார். எங்கள் பழைய மேனேஜர். இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். அவர் தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் நேராக வரவேற்புக்குப் போனேன்.

“அந்தாளு எந்த மாடிங்க? வேற எதுவும் வேண்டாம். அதை மட்டும் சொல்லுங்க.”

“எந்த சாரைக் கேக்கறீங்க மேடம்?” என்றார் அவர்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கொஞ்சம் முன்னால் இதே இடத்தில் மேனேஜரும் வந்து நின்று, அந்தப் பெண் எந்த மாடி என்று கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும், எந்த மேடம் என்றுதான் பதில் கிடைத்திருக்கும். நான் வரமாட்டேன் என்று சபதம் போட்ட இடத்துக்கு வந்திருக்கிறேன். ஒருத்தரும் வரமாட்டோம் என்று கத்திவிட்டுப் போனவரும் வந்திருக்கிறார். பொய்க் கையெழுத்தை மூடி மறைத்தவருக்கும், அந்தக் கையெழுத்தால் பெயர் கெட்டவளுக்கும் ஓசூரில் பயமில்லாமல் படுக்க அந்த மனிதர் நிற்கிற கூரை ஒன்றுதான் இருந்தது. மேஜைக்குப் பின்னால் நின்றவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

பெட்டியைக் கட்டிக்கொண்டு அன்றைக்கே வெளியேறியிருக்க வேண்டும். வெளியேறவில்லை. இன்னும் இரண்டு நாள் அங்கேதான் இருந்தேன். மேனேஜர் எனக்கு மேலே இருந்தாரா, கீழே இருந்தாரா, பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தாரா, தெரியாது. அந்த இரண்டு நாளும் கதவுக்கு நாற்காலி வைக்காமல் நன்றாகத் தூங்கினேன்.